பக்கத்துக் கட்டில்காரி

பெங்களூரிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது மணிமேகலையின் இடது கை முழங்கைக்கு மேல்வரை ஒரு பசுவின் உள்ளே இருந்தது. மாட்டுக்காரர் சென்றாயன் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, உங்க போனு விடாம அடிக்குதுங்க."

"அடிக்கட்டுங்க. நீங்க மாட்ட அசையாம புடிங்க."

சினை ஊசியைப் போட்டு முடித்து, கையுறையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். தெரிந்த எண்தான். மகள் தாமரையின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் பெங்களூர் மருத்துவமனையிலிருந்து ஒரு வாழ்த்து வரும். ஆனால் பிறந்த நாளுக்கு இன்னும் நாளிருந்தது. திரும்ப அழைத்தாள். ஒரு பெண் குரல், நேரில் வர வேண்டும், கணவரும் வர வேண்டும், குழந்தையையும் கூட்டி வர வேண்டும் என்றது.

"என்ன விசயங்க?"

"போன்ல சொல்ல முடியாது மேடம்."

பாப்பாரப்பட்டிக் கால்நடை மருந்தகத்துக்கு மணிமேகலை மாற்றலாகி வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. சொந்த ஊரும் அதுதான். சுற்றுப்பட்டில் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் அவளைத் தெரியும். மருந்தகத்தின் உள் அறையில் நைட்ரஜன் கேன் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையில் வழியும். அந்தக் குளிருக்குள், மெல்லிய குச்சிகளில், காளைகளின் விந்து வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். எப்போதோ செத்துப்போன காளைக்குக்கூட இங்கே ஒரு கொட்டகையில் கன்று பிறக்கும். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது அன்றாட வேலை.

அதனால்தானோ என்னவோ, முப்பது வயதில் அந்த முடிவை எடுக்க அவள் அதிகம் தயங்கவில்லை. நாமக்கல்லில் படித்து முடித்து, அரசுத் தேர்வு எழுதி, வேலை கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடியிருந்தன. பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "மாட்டுக்கு ஊசி போடற பொண்ணா?" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேரில் சிலரை அவளே வேண்டாமென்றாள். ஒருவன் வேலையை விடச் சொன்னான். இன்னொருவன் வேலையை விட வேண்டாம், ஆனால் கொட்டகைக்குள் இறங்க வேண்டாம் என்றான். அம்மா அழுதாள். "முப்பதாயிப் போச்சு. இனிமே கட்டி, எப்பப் பெத்து, எப்ப வளக்கறது?" என்று விடிந்தால் எழுந்தால் ஒரே பேச்சு.

கல்யாணத்துக்கு அவசரம் இல்லை. பிள்ளைக்குத்தான் அவசரம் என்றால், அதற்கு ஒரு வழி இருக்கிறதே என்று மணிமேகலை நினைத்தாள். அம்மாவிடம் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்குப் போனாள். ஊசிகள் போட்டுக்கொண்டாள். வயிறு உப்பிக்கொண்டு வலித்தது. மயக்க மருந்து கொடுத்து, கருமுட்டைகளை எடுத்து, உறைய வைத்தார்கள். திரும்பி வந்து மறுநாளே வேலைக்குப் போனாள்.

மூன்று வருடம் கழித்துத் தமிழ்ச்செல்வன் வந்தான். பாப்பாரப்பட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்தான். பேசி முடிப்பதற்கு முன்பே அவள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு முட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் விழித்தான்.

"ஐஸ்லயா வெச்சிருக்காங்க?"

"அது மாதிரிதான்."

"வெதை ராகி எடுத்து வெக்கற மாதிரின்னு சொல்லு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு வருடம் காத்திருந்தும் எதுவும் தங்கவில்லை. பிறகுதான் இருவரும் பெங்களூர் போனார்கள். அவள் எடுத்து வைத்திருந்த முட்டையை எடுத்து, அவனுடைய விந்துவோடு சேர்த்து, உருவான கருவை அவள் வயிற்றில் வைத்தார்கள். முதல் தடவையிலேயே தங்கிவிட்டது. ஏழாம் மாதம்வரை வாந்தி. கடைசியில் அறுவைச் சிகிச்சை. தாமரை பிறந்தபோது அவளுக்கு முப்பத்தாறு நடந்துகொண்டிருந்தது. ஊரில் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. மாமியார் மட்டும் குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "அப்படியே எங்க வூட்டுக்காரரு மூஞ்சி" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அழைப்பு வந்த அந்த வார இறுதியில், ராயக்கோட்டை வழியாகக் காரில் போனார்கள். தாமரை பின்சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் பழைய டாக்டர் இல்லை. பொறுப்பில் புதிதாக ஒரு அம்மா இருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார், கொஞ்சம் கன்னட வாடையோடு. தாமரைக்கு பிஸ்கட் கொடுத்து, மீன் தொட்டியைக் காட்டச் சொல்லி நர்சோடு வெளியே அனுப்பினார். கதவு சாத்தப்படும்வரை பேசவில்லை.

"உங்க முட்டைங்க எல்லாம் இன்னும் இங்கதான் இருக்கு" என்றார்.

மணிமேகலை சிரித்துவிட்டாள். "எங்கிருந்து டாக்டர் இருக்கும்? அதுலதானே இவ பொறந்தா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ப, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இன்னொருத்தங்க அவங்க முட்டையை எடுத்துக்கணும்னு போன மாசம் வந்தாங்க. வெளிய எடுத்தோம். தொட்டிக்குள்ள வெக்கற கம்பியில அவங்க பேரு இருந்துச்சு. ஆனா உள்ள ஒவ்வொரு குச்சியிலயும் ஒட்டியிருந்தது உங்க பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல முட்டை எடுத்திருக்காங்க. அடுக்கி வெக்கும்போது மாறிப் போயிருக்கு. உங்களுக்குன்னு எடுத்தப்போ குச்சியில இருந்த பேரைப் பாக்காம கம்பியை மட்டும் பாத்து எடுத்துட்டாங்க."

"அப்படின்னா?" என்றான் தமிழ்ச்செல்வன்.

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. மணிமேகலைக்கு ஆகவில்லை. அது அவள் தொழில். குச்சி மாறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை ஏரியூரில் ஒருவர், "ஜெர்சின்னு சொல்லிட்டுக் கறுப்பு வெள்ளையப் போட்டுட்டீங்களே டாக்டரம்மா" என்று கன்றைக் காட்டினார். அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். கன்று நன்றாகத்தான் பால் குடித்துக்கொண்டிருந்தது.

 டாக்டரின் உதடுகள் அசைவது தெரிந்தது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், உறுதியாகத் தெரிந்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனையின் தவறு, மன்னிப்பு, எதுவும் மறைக்கப் போவதில்லை என்றார். மணிமேகலை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றின் அடியில், அறுவைச் சிகிச்சையின் தழும்பு இருந்த இடத்தில், யாரோ குளிர்ந்த விரலால் தொட்ட மாதிரி இருந்தது.

தமிழ்ச்செல்வன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா நான்தானுங்களே?"

"ஆமா. அதுல சந்தேகமே இல்ல."

அவன் மூச்சு விட்டான். பெருமூச்சுகூட இல்லை, சாதாரண மூச்சுதான். ஆனால் மணிமேகலைக்கு அது கேட்டது. டாக்டர் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த மூச்சுதான் அவளை அறைந்தது.

"அந்த இன்னொருத்தங்க ஆரு?" என்றாள்.

"அது சொல்லக் கூடாதும்மா."

சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அன்று முட்டை எடுத்த பிறகு, மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். சுருட்டை முடி, ஒல்லி உடம்பு. அவள்தான் முதலில் பேசினாள். எந்த ஊர் என்றாள். பாப்பாரப்பட்டி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தாடி! நான் கம்பைநல்லூருங்க. இம்மாந்தொலவு வந்தும் நம்மூராளா!" பெயர் அருள்ராணி. ஓசூரில் நர்ஸ் வேலை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்டாள். ட்ரெய்னிங் என்றாள் மணிமேகலை. "நான் கூட்டாளி கல்யாணம்னுட்டு வந்தேன். பட்டுப்பொடவை வேற பையில இருக்குது" என்றாள் அருள்ராணி. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள்.

"கம்பைநல்லூர்க்காரங்களா?" என்று மணிமேகலை கேட்டாள்.

 முகம் மாறியதை மறைக்க டாக்டருக்குத் தெரியவில்லை.

பரிசோதனை முடிவு வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. வந்தபோது அதில் புதிதாக எதுவும் இல்லை. தாமரை தமிழ்ச்செல்வனின் மகள். மணிமேகலையின் மகள் அல்ல. டாக்டர் தொலைபேசியில் அதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "பெத்தது நீங்கதான்மா. அத யாரும் மாத்த முடியாது" என்றும் சொன்னார். மணிமேகலை சரி என்று வைத்துவிட்டு, தாமரைக்குத் தலை வாரப் போனாள். சீப்பு சிக்கிக்கொண்டது. தாமரைக்குச் சுருட்டை முடி. எத்தனையோ நாள் சிக்கெடுத்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள். அன்று சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முடியைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"வாரும்மா" என்றாள் தாமரை. "ஏன் நின்னுட்ட?"

அதன்பிறகு அவளால் குழந்தையைப் பழையபடி பார்க்க முடியவில்லை. அன்பு குறைந்ததென்று இல்லை. காது மடல், கால் விரல், தூங்கும்போது வாயைத் திறந்துகொள்ளும் விதம் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, இது யாருடையது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கணக்கெடுக்கும் தன்னைக் கண்டு திடுக்கிட்டாள். பால்வாடிக்கு அனுப்புவதை நிறுத்தினாள். வாசலில் அறிமுகமில்லாத வண்டி நின்றால் கதவைச் சாத்தினாள். தூரத்து மாவட்டம் எதற்காவது மாற்றல் கேட்கலாமா என்று யோசித்தாள்.

தமிழ்ச்செல்வன் அவளைத் தேற்றத்தான் நினைத்தான். ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"நான் ஒண்ணு யோசிச்சேன். உன்னோடதுதான் அங்க பத்திரமா இருக்குதே. அவங்களும் செலவில்லாமப் பண்ணித் தர்றேன்னு சொல்றாங்க. இன்னொண்ணு பெத்துக்கலாம். உனக்குன்னு ஒண்ணு இருக்கும்."

மணிமேகலை அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எனக்குன்னா? அப்ப இவ ஆருக்கு?"

"அப்படிச் சொல்லலை..."

"அப்படித்தாங்க சொன்னீங்க. நாளைக்கு ஒண்ணு பொறந்து, அது எம் மூக்கு, எங் கண்ணுன்னு ஆச்சுன்னா, நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பேன். பாக்காம இருக்க என்னால முடியாது. பாத்தேன்னு தெரிஞ்சா இந்தப் புள்ள என்ன ஆவறது?"

"நான் உம் மனசுக்காகத்தான் சொன்னேன் மேகலை."

"உங்களுக்கென்ன. டாக்டரு சொன்னதும் நீங்க மூச்சு விட்டீங்களே, எனக்குக் கேட்டுச்சு."

அவனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தாமரையைத் தன்னோடு கடைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தான். அவள் கேட்காமலே செய்தான்.

ஆடி முடிந்து கொஞ்ச நாளில், மருந்தகத்தில் கூட்டமாக இருந்த ஒரு காலை. ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டிருந்ததால் வாசல்வரை ஆட்கள். ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பிக்கொண்டே வந்தாள். பெஞ்சின் கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆடு இல்லை, கோழி இல்லை, ஒன்றும் இல்லை. மடியில் ஒரு கைப்பை மட்டும்.

"உங்களுது எதுங்க? மாட்ட வூட்லயே வுட்டுட்டு வந்தீங்களா?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"மாடு இல்லைங்க" என்றாள் அந்தப் பெண்.

மணிமேகலை நிமிர்ந்தாள். பின்னலுக்கு அடங்காமல் நெற்றியில் சுருண்டு விழுந்த முடி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வயது தெரிந்தது. ஆனால் அந்த நெற்றி, அந்தப் புருவம். தினமும் காலையில் பொட்டு வைத்துவிடுகிற நெற்றி அது. மணிமேகலை ஓரடி பின்வாங்கினாள். 

"பயப்படாதீங்க" என்றாள் அருள்ராணி. "நான் எதையும் கேக்க வரலைங்க."

உதவியாளரை வெளியே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளை உள் அறைக்குக் கூட்டிப் போனாள். நைட்ரஜன் கேனுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்கள். அருள்ராணி உட்காரவில்லை.

"அவ இங்க இல்லைங்க" என்று மணிமேகலை முந்திக்கொண்டாள். "எங்க நாத்தனா வூட்டுக்கு மைசூரு போயிருக்கா. வர நாளாவும்."

பொய். அது பொய் என்று அருள்ராணிக்கும் தெரிந்திருக்கும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"'அவ'ன்னா, பொண்ணா?" என்று கேட்டாள்.

 இவளுக்கு அதுகூடத் தெரியாது.

"பொண்ணுதான்."

அருள்ராணி அப்போதுதான் உட்கார்ந்தாள்.  கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். போன வருடம்தான் கல்யாணம் ஆயிற்று. கணவர் ஜோசப் ராஜ், ஓசூரில் கம்பெனி வேலை. தனக்கு இயற்கையாகப் பிள்ளை வராது என்று தெரியும். அதனால் நேரே பெங்களூர் போனார்கள். அங்கே, "உங்க முட்டையை வேற ஒருத்தங்க எடுத்துக்கிட்டாங்க, குழந்தையும் பொறந்துடுச்சு" என்றார்கள்.

"ஆருன்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க. எனக்கு அன்னிக்குப் பேசினதுதான் ஞாபகம் வந்துச்சு. உங்க பேரு மறந்து போச்சு. பாப்பாரப்பட்டி, மாட்டு டாக்டர், இதுதான் மனசுல இருந்துச்சு. வேற ஆரா இருக்கும்?"

"கேஸ் போடப் போறீங்களா?"

"எங்க வூட்டுக்காரரு அண்ணன் தம்பிங்க போடச் சொல்றாங்க. கொழந்தையக் கேளுன்னுகூட ஒருத்தர் சொன்னாரு." அருள்ராணி தலையை அசைத்தாள். "நான் பிரசவ வார்டுல வேலை பாக்கறவங்க. பெத்தவ மடியிலிருந்து புள்ளையத் தூக்குனா என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். அத நான் செய்ய மாட்டேன்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக ஒலித்தது என்று மணிமேகலைக்குத் தெரிந்தது. அருள்ராணி அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஒரு விசயம் சொல்லணும். ஆஸ்பத்திரிக்காரங்க சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கும் தெரியாது. எங்கம்மாவுக்கு முப்பத்திரண்டு வயசுலயே தீட்டு நின்னு போச்சு. எங்கக்காவுக்கும் அப்படித்தான். எனக்கு முப்பத்திமூணுல நின்னுச்சு. எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு அது ரத்தத்துல வருது. அதனாலதான் நான் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சேன். கல்யாணத்தத் தள்ளிப் போடணும்னு ஆசைப்பட்டு இல்ல." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "உங்க பொண்ணுக்கும் அப்படி ஆவலாம். ஆவாமலும் போவலாம். பெரியவளானதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. படிக்கட்டும், வேலைக்குப் போவட்டும், என்ன வேணா பண்ணட்டும். ஆனா நாள் இருக்குதுன்னு மட்டும் அவள நெனைக்க வுட்றாதீங்க. உங்கள வெச்சு அவ கணக்குப் போட்டா தப்பாயிடும். இதச் சொல்லாம எனக்குத் தூக்கமே வரலைங்க."

 இத்தனை வாரமாக மணிமேகலை இந்தப் பெண்ணை நினைத்து நடுங்கியிருக்கிறாள். வக்கீலோடு வருவாள், போலீசோடு வருவாள் என்று கற்பனை செய்திருக்கிறாள். அவளோ, தான் பார்த்தே இராத ஒரு குழந்தையின் முப்பதாவது வயதைப் பற்றிக் கவலைப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"அவ்வளவுதாங்க. நான் கெளம்பறேன்" என்று அருள்ராணி எழுந்தாள். வாசலில் கட்டியிருந்த ஆடுகளைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா!" என்று மணிமேகலை கத்தினாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மைசூருக்குப் போவலை. கடையில இருக்கா. வாங்க."

குழாய்க் கடை நடக்கிற தூரம்தான்.  தமிழ்ச்செல்வன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். மணிமேகலையைப் பார்த்துச் சிரிக்கப் போனவன், பக்கத்தில் வந்தவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். கை தன்னிச்சையாகத் தாமரை பக்கம் நீண்டது.

தாமரை சுருட்டி வைத்த கறுப்புக் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு துண்டுக் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"இது ஆரும்மா?"

 அருள்ராணியே குனிந்தாள். தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அருள்ராணி. உம் பேரென்ன?"

"தாமரை. இது ஊதத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதே."

"ஊதிப் பாரு."

அருள்ராணி வாங்கி ஊதினாள். குழாய் கன்றுக்குட்டி மாதிரிக் கத்தியது. தாமரை விழுந்து விழுந்து சிரித்தாள். அருள்ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது இருவருக்கும் மூக்கின் மேல்புறம் ஒரே மாதிரிச் சுருங்கியது. அதைப் பார்த்ததும் மணிமேகலை சுவரில் சாய்ந்துகொண்டாள். பரிசோதனையின் முடிவைக் கேட்டபோதுகூட அவள் மனதின் ஒரு ஓரம் நம்பாமல்தான் இருந்திருக்கிறது. இப்போதுதான் அந்த ஓரமும் நம்பியது. தமிழ்ச்செல்வன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். 

அருள்ராணி அதிக நேரம் இருக்கவில்லை. குழாயைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, "வர்றேன் சாமி" என்றாள். மணிமேகலை அவளோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தாள். தர்மபுரி பஸ் வர நேரம் இருந்தது.

"அக்கா, அங்க தொட்டியில இருக்கறது என்னோடது. எனக்கு வேணாம். நீங்க எடுத்துக்கங்க. முப்பது வயசுல எடுத்தது, நல்லாத்தான் இருக்கும்."

அருள்ராணி திகைத்துப் பார்த்தாள். கண்ணில் ஒரு நொடி ஆசை எரிந்து அணைந்ததை மணிமேகலை கண்டாள்.

"டாக்டர்கிட்ட நானே கேட்டேன்" என்றாள் அருள்ராணி. "முட்டைக்குச் சொந்தக்காரங்க ஒத்துக்கிட்டா எனக்குத் தருவீங்களான்னு. சட்டத்துல எடம் இல்லைன்னுட்டாங்க. வெக்கத்த வுட்டுக் கேட்டேன். நீங்க நெனைக்கற அளவுக்கு நான் நல்லவ ஒண்ணும் இல்லைங்க."

"எடம் இருந்தா?"

"இருந்திருந்தா வாங்கியிருப்பேன்."

பஸ் வந்தது. அருள்ராணி படியில் ஏறினாள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று சொல்லத்தான் மணிமேகலை வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அவளுக்கு வெவரம் தெரிஞ்சதும் நானே சொல்லிடுவேன். அன்னிக்கு நீங்களும் பக்கத்துல இருக்கணும்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அருள்ராணி திரும்பிப் பார்ப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்துவிட்டது.

அதைக் கேட்டுத் தமிழ்ச்செல்வன் கோபப்பட்டான். "ஆரக் கேட்டு வாக்குக் குடுத்த?" என்றான். நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மருத்துவமனைமேல் இரண்டு குடும்பமும் சேர்ந்து புகார் கொடுத்தபோது, ஜோசப் ராஜோடு பெங்களூருக்கு அலைந்தது அவன்தான். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். முடியும்வரை தொட்டியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது என்று உத்தரவானது. மணிமேகலையின் முட்டைகள் இப்போதும் அங்கேதான், இன்னொருத்தியின் பெயர் எழுதிய கம்பியில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அவள் யாரிடமும் கேட்பதில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்ராணி போன் செய்தாள். அவளும் ஜோசப் ராஜும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறார்களாம். வரிசை நீளம், வருடக்கணக்கில் ஆகுமாம்.

மணிமேகலைக்கு உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது.  இவளுக்கென்று ஒரு குழந்தை வந்துவிட்டால் இனி தாமரையை நினைக்க மாட்டாள். அப்படி நினைத்தவுடனே, தான் என்ன நினைத்தோம் என்று உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"தாமர இங்கதான் இருக்கா. பேசறீங்களா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் போனைக் குழந்தை கையில் கொடுத்தாள். "அருள்ராணியா?" என்று தாமரை பெரிய மனுஷி மாதிரிக் கேட்டாள். பிறகு சென்றாயன் வீட்டுப் பசு கன்று போட்டதையும், கன்றுக்கு நெற்றியில் வெள்ளை இருப்பதையும், அம்மாதான் அதை வெளியே இழுத்ததையும் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்கள் பேசட்டும், நாம் அடுப்படிக்குப் போய்விடலாம் என்று மணிமேகலை நினைத்தாள். கால் நகரவில்லை. கதவோரமே நின்று, குழந்தை சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.